இரண்டு தீர்ப்பும் ஒரு ஜோடிக் கண்ணும்

அன்று காலை பத்தேகாலுக்கு எங்கள் அலுவலகத்தில் இருந்தவர்கள்:

மேடம். துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி, தலைமைத் துப்பறிவாளர், ஆள் வராத நாட்களில் பெருக்குபவரும் அவரே. அதற்கு முன் இருபது வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சர். வக்கீல்கள் அவருக்கு வைத்த பெயர் ஒற்றைத்தாள். சாட்சி எத்தனை மணி நேரம் பேசினாலும் ஒரே தாளில் அடக்கிக் கொடுத்துவிடுவார்.

நான். உதவியாளன். பட்டப்பெயர் ரேடியோ. ஏன் என்று கேட்டால் சொல்வேன், ஆனால் நிறுத்த மாட்டேன்.

ஒரு மாமனார். அவருடைய மருமகன் மருந்துக் கிடங்கின் காப்பாளர். கிடங்குக்குத் தீ வைத்ததாக ஏழு ஆண்டு தண்டனை பெற்று உள்ளே இருக்கிறான். அவனை உள்ளே அனுப்பிய சாட்சியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் நாங்கள்.

இரண்டு தீர்ப்புகள். மேஜை மேல், பக்கத்துப் பக்கத்தில்.

"உக்காருங்க ஐயா," என்றேன்.

"உங்க நாற்காலியில உக்கார வரல."

அவர் நின்ற இடத்துக்கு நேர் மேலே சுவரில் ஒரு செய்தித்தாள் துண்டு. 'கிடங்கு தீ வழக்கு: கண்கண்ட சாட்சியால் குற்றம் நிரூபணம்.' அதைக் கத்தரித்து ஒட்டியவன் நான். அவர் அதை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு நான் அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை.

"இது மேல்மாடித் தீர்ப்பு," என்று முதல் காகிதத்தைத் தட்டினார். "குற்றவியல். மூணாம் தேதி. இது கீழ்த்தளத் தீர்ப்பு. உரிமையியல். பதினொண்ணாம் தேதி. நடுவுல எட்டு நாள், இருபத்திரண்டு படி. எண்ணிட்டேன். எனக்கு வேற வேலை இல்ல."

"ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் மேடம்.

"அப்பீலுக்காக தினமும் கோர்ட்டுக்குப் போறேன். கீழ்த்தளத்துல ஒரு பெஞ்சு. எதிர்ல அறிவிப்புப் பலகை. தீர்ப்பு வர வர ஒட்டுவாங்க. சுவர்த் தகராறு, விவாகரத்து, நாய் கடிச்ச கேஸ், ஒண்ணு விடாம படிச்சேன். நேத்து இதைப் படிச்சேன். கண்புரை ஆபரேஷனைக் கெடுத்துட்டாங்கன்னு ஒரு அம்மா ஆஸ்பத்திரி மேல கேஸ் போட்டு ஜெயிச்சிருக்கு. பேரைப் பார்த்தேன். கடை விலாசத்தைப் பார்த்தேன்."

மேடம் இரண்டையும் படித்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன்.

மேல்மாடி சொன்னது: 'சாட்சியான தையல்காரப் பெண்மணி, சம்பவ நாள் காலை ஏழு மணியளவில், தெருவின் எதிர்ப்புறமிருந்து, குற்றவாளி கிடங்கின் பக்கவாசல் வழியே வெளியேறியதைத் தெளிவாகப் பார்த்துள்ளார்.'

கீழ்த்தளம் சொன்னது: 'அறுவை சிகிச்சை நடந்த நாள் முதல் இன்றுவரை, கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் உள்ள முகங்களை வாதியால் அடையாளம் காண இயலவில்லை என்பது ஐயமற நிரூபணமாகிறது.'

அறுவை சிகிச்சை நடந்தது தீ விபத்துக்கு இரண்டு மாதம் முன்னால்.

"மேல்மாடியில தெருவைத் தாண்டி முகம் தெரியுது," என்றார் மாமனார். "கீழ வந்தா பக்கத்துல நிக்கறவனையே தெரியல. படியிறங்கும்போது கண்ணு அவிஞ்சு போச்சா?"

"ரெண்டு ஜட்ஜும் ஒரே கேன்டீன்ல டீ குடிக்கறவங்க," என்றேன். "ஒருத்தரை ஒருத்தர் விசாரிச்சிருந்தா..."

"ரேடியோ," என்றார் மேடம்.

சத்தத்தைக் குறைத்தேன்.

அவர் இரண்டு தீர்ப்புகளின் ஓரங்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தட்டினார். சேர்ந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். அவமானப்படும்போது மட்டும்தான் அப்படிச் செய்வார். "அப்பீலுக்குக் கடைசி நாள் என்னைக்கு?"

"இன்னைக்கு. சாயந்திரம் அஞ்சு மணி. புது ஆதாரம் ஏதாவது இருந்தா அது கூடவே போகணும். அஞ்சு அடிச்சா எதுவும் போகாது."

"வக்கீல் என்ன சொல்றார்?"

"அந்தம்மா எங்கேயோ ஒரு இடத்துல பொய் சொல்லியிருக்குன்னு சொல்றாரு. மேல்மாடியில பொய்னா மாப்பிள்ளை வெளியே வருவான். கீழ்த்தளத்துல பொய்னா உள்ளேயே கிடப்பான். எதுன்னு கண்டுபிடிச்சுட்டு வான்னாரு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்காது. மறைக்க என்ன இருக்கு. ஆனா அடுப்பைப் பத்த வைக்கவே என் பொண்ணைக் கூப்பிடுற ஆளு அவன். அவன் போய் கிடங்கைக் கொளுத்தினானாம். சாட்சியைப் புடிச்சது நீங்க. நீங்களே வந்து கேளுங்க."

மேடம் கைப்பையை எடுத்தார். நான் பழைய குறிப்பேடுகள் இருந்த அலமாரியைத் திறந்து, அந்த வழக்கின் நோட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது. பழக்கம்.

*

தையல் கடை பத்தடிக்கு எட்டடி. எதிரே இருபதடி அகலத் தெரு, அதைத் தாண்டிக் கிடங்கின் கரிந்த சுவர். தீப்பிடித்த அன்று உள்ளே படுத்திருந்த காவலாளி பிழைத்துவிட்டார். ஆனால் இன்றுவரை மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மேல்மாடித் தீர்ப்பு ஏழு ஆண்டு என்று எழுதியதற்கு அவர் நுரையீரல்தான் காரணம்.

தையல்காரம்மா தலையைக் குனியாமல் தைத்துக்கொண்டிருந்தார். துணியின் ஓரத்தைக் கட்டைவிரல் தடவிப் போனது, ஊசி பின்னால் வந்தது. பக்கத்தில் ஒரு பஞ்சுத் திண்டில் பத்து ஊசிகள், பத்திலும் நூல் கோத்துத் தயாராக இருந்தது.

"யாரு? அளவா, ஆல்டரேஷனா?"

"நான்தாம்மா. துப்பறியும் ஆபீஸ்."

"அட, மேடமா! குரலைக் கேட்டதும் புடிச்சுட்டேன்."

"முகத்தைப் பார்த்துப் புடிக்கலையா?" என்றேன்.

"முகமா? அதெல்லாம் மறந்தே போச்சு தம்பி. காலையில மருமக வந்து ஊசியில நூல் கோத்து வெச்சுட்டுப் போவா. பத்தும் தீர்ந்தா அன்னைக்குக் கடை அவ்வளவுதான்."

மாமனார் வாசலிலேயே நின்றார். மேடம் வளைக்காமல் கேட்டார். "அம்மா, உங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு கீழ்த்தளத்துல தீர்ப்பு வந்திருக்கு."

"ஆமா மேடம். அடுத்த வாரம் மறு ஆபரேஷன். ஆஸ்பத்திரியே பண்ணித் தரணும்னு சொல்லிட்டாங்க. வெளியூர் டாக்டராம்." சொல்லும்போது முகம் மலர்ந்தது. "பேரப்புள்ள முகத்தை இன்னும் பார்க்கலை."

"அப்போ மேல்மாடியில நீங்க சொன்னது பொய்யா?"

"பொய்யா? ரெண்டும் உண்மைதானே."

அவர் தயங்கிச் சொல்லியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தயங்கவில்லை.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நில்லு. வாயை மூடிக்கிட்டு."

"ரெண்டாவது கஷ்டம்," என்று சொல்லிவிட்டுப் போய், கரிந்த சுவரை ஒட்டி நின்றேன்.

"யாருன்னு தெரியுதாம்மா?" என்ற மேடத்தின் குரல் அங்கே வரை கேட்டது.

"எங்க, யாரோ நிக்குது. தண்ணி கேன் போடறவரா? தெரியல மேடம்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா யாரா இருந்தாலும் பேன்ட் ரெடிமேடு. பின்னால பை மாதிரி தொங்குது. அரை இஞ்சு புடிச்சா ஆளு பார்க்கற மாதிரி இருப்பாரு."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

"முகமெல்லாம் கரைஞ்சு போச்சு மேடம்," என்றார் தையல்காரம்மா. "துணி விழற விதம் கரையல. முப்பது வருஷமா அதைத்தானே பார்க்கறேன்."

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அன்னைக்கு என்ன பார்த்தீங்க? முதல்ல இருந்து சொல்லுங்க. அவசரமே இல்ல."

அவசரம் இருந்தது. மணி பன்னிரண்டு.

"பள்ளிக்கூட சீருடை ஆர்டர். நான் எப்பவும் ஒன்பதுக்குத்தான் திறப்பேன். அன்னைக்கு மட்டும் ஆறரைக்கே வந்துட்டேன். ஏழு மணி இருக்கும். எதிர்ல பக்கவாசல் திறந்துது. சாம்பல் சட்டை ஒண்ணு வெளிய வந்துது. அவரோட சட்டை."

"அங்க பதினாலு பேருக்கு ஒரே சாம்பல் சட்டை. அவரோடதுன்னு எப்படித் தெரியும்?"

"தச்சது நான் ஆச்சே! குளிர் அறையில வேலை, கெட்டித் துணி, வருஷத்துக்கு ஆளுக்கு ரெண்டு. மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு தோளும் ஒரே அளவு. காப்பாளருக்கு மட்டும் இடது தோள் இறங்கியிருக்கும். அதுக்காக உள்ளே நாலு மடிப்புத் துணி வெச்சுத் தச்சேன். அன்னைக்கு இடது தோள் தூக்கிக்கிட்டு நின்னுது. பார்த்த உடனே சொல்லிட்டேன், இது நம்ம நாலு மடிப்பு."

"தூக்கிக்கிட்டு நின்னுதா?"

"ஆமா, இப்படி." தன் இடது தோளைக் காதுவரை உயர்த்திக் காட்டினார்.

மேடம் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதே மாதிரி சட்டை இன்னொண்ணு இருக்கா?"

"அவரோடதே இருக்கே. பட்டன் போடக் கொடுத்தாரு. வாங்க வரவே இல்ல." கையை மேல் தட்டில் விட்டுத் துழாவி, மடித்த சட்டையை எடுத்தார்.

"ரேடியோ, போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். ஆளுயரக் கண்ணாடியில் பார்த்தேன். வலது தோள் ஒழுங்காகப் படிந்திருந்தது. இடது தோளில் ஒரு பூனை உட்கார்ந்திருப்பது போல் புடைத்துக்கொண்டு நின்றது.

"தெருவுக்குப் போ."

போனேன். அந்தப் பக்கம் போய்த் திரும்பியதும் தையல்காரம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "இதேதான்! இதேதான் மேடம்! அன்னைக்கும் இப்படித்தான் தூக்கிக்கிட்டுப் போச்சு!"

நான் உள்ளே வருவதற்குள் மாமனார் வாசலைத் தாண்டி வந்திருந்தார். என் தோளைத் தொட்டுப் பார்த்தார். "இவனுக்கு ஏன் இது இப்படி நிக்குது?"

"தம்பிக்குத் தோள் நேரா இருக்கு. இறங்கின தோளுக்கு வெச்ச துணி நேர் தோள்ல உக்காந்தா தூக்கத்தான் செய்யும்."

"என் மாப்பிள்ளை போட்டா?"

"சமமா இருக்கும் ஐயா. அதுக்குத்தானே நாலு மடிப்பு. கச்சிதமா படிஞ்சிடும். இந்தக் கண்ணுக்கு அவரு சட்டைக்கும் அடுத்தவரு சட்டைக்கும் வித்தியாசமே..."

தையல்காரம்மா நிறுத்தினார். கையிலிருந்த சுண்ணக்கட்டியை மேஜைமேல் வைத்தார். வைத்த இடம் தெரியாமல் அது உருண்டு கீழே விழுந்தது.

"அவரு போட்டிருந்தா," என்றார் மெதுவாக, "அவர்னு எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

அவர் அந்தச் சட்டையை அடையாளம் கண்டதே அது தப்பாக நின்றதால்தான். சரியான ஆள் மேல் அது தப்பாக நிற்காது. காப்பாளரின் சட்டை வாசலை ஒட்டிய ஆணியில் தொங்கும். சாவி வைத்திருந்த யார் வேண்டுமானாலும் எடுத்து மாட்டியிருக்கலாம். தையல்காரம்மா தனக்குத் தெரிந்த தோளைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த பெயரைச் சொல்லிவிட்டார். வேறு எந்த மனிதரும் செய்யாத தப்பு. தைத்தவர் மட்டும்தான் செய்ய முடியும்.

மாமனார் முதல் முறையாக உட்கார்ந்தார். "கல்யாண போட்டோவுக்கே ஒரு பக்கம் சாஞ்சுதான் நின்னான். திமிருன்னு நெனச்சேன். எட்டு வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஆக, நமக்கு வேண்டியது நேர் தோள்காரன். ஊர்ல பாதிப் பேரை விட்டுடலாம்."

மேடம் சிரிக்கவில்லை. நிம்மதி வந்தால் சிலருக்குக் கோபம் வரும். அவருக்கும் வந்தது. "ஏம்மா, இதை ஏன் கோர்ட்டுல சொல்லல? சட்டையைப் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எதிர்க்கட்சி வக்கீலே புடிச்சிருப்பாரே! ஆளைப் பார்த்தேன்னு எதுக்குச் சொன்னீங்க?"

தையல்காரம்மா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"சட்டைன்னுதானே சொன்னேன் மேடம். உங்ககிட்ட."

"என்கிட்டயா?"

"இதே ஸ்டூல்லதான் உக்காந்திருந்தீங்க. அவரு சட்டை போச்சுன்னு சொன்னேன். இந்தத் தம்பி, 'சட்டை தனியா நடந்து போச்சா, கால் முளைச்சுதா'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சோம். எனக்கே வெக்கமாப் போச்சு. அப்புறம் நீங்க சொன்னீங்க, கோர்ட்டுல சட்டைன்னு சொன்னா சிரிப்பாங்கம்மா, அவரைப் பார்த்தேன்னு சொல்லுங்க, அது போதும்னு. மூணு தடவை படிச்சுக் காட்டினீங்க. நான் மனப்பாடம் பண்ணிக்கிட்டேன்."

"கூண்டுல ஆளைக் கை காட்டினீங்களே?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கூண்டுல ஒருத்தர்தானே நின்னாரு தம்பி."

"கண்ணு சரியில்லைன்னு ஒரு வார்த்தை..."

"கண்ணு கேஸைப் பத்தி வெளிய வாயே திறக்கக் கூடாதுன்னு அந்த வக்கீல் சொல்லியிருந்தாரு. ஆளாளுக்கு ஒண்ணைச் சொல்லாதேன்னு சொன்னா நான் என்னதான் சொல்றது?"

எனக்கு அந்தக் கிண்டல் நினைவே இல்லை. மேடத்துக்கும் தான் சொன்னது நினைவில்லை என்று அவர் முகத்திலிருந்து தெரிந்தது. பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தால் நினைவிருக்கும். இது தினமும் செய்கிற வேலை. சாட்சி வளவளவென்று பேசுவார், நாங்கள் கழிவை வெட்டுவோம். எத்தனை சாட்சி, எத்தனை தாள்.

நோட்டை எடுத்தேன். பக்கம் நாற்பத்தொன்று. என் கையெழுத்தில்: 'ஏழு மணி இருக்கும், பக்கவாசல்ல அவரோட சட்டை வெளிய வந்துது.' அதில் 'அவரோட சட்டை வெளிய வந்துது' என்பதை அடித்து, மேலே மேடத்தின் சிவப்பு மையில்: 'அவர் வெளியே வந்தார்.'

மாமனார் நோட்டை என் கையிலிருந்து வாங்கினார். எட்டத் தள்ளிப் பிடித்துப் படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று தையல்காரம்மாவிடம் கேட்டார். எங்களிடம் கேட்கவில்லை.

*

வக்கீல் அறையில் மூன்று மணி. மாமனாரின் வக்கீல் பிஸ்கெட் தின்றுகொண்டே நோட்டைப் படித்தார். படித்து முடித்தபோது பாதி பிஸ்கெட் கையிலேயே இருந்தது.

"ரெண்டு வழி இருக்கு," என்றார். "ஒண்ணு, ரெண்டு தீர்ப்பையும் சேர்த்து வெச்சு, கண்ணு தெரியாத அம்மா பொய் சாட்சி சொல்லிட்டாங்கன்னு எழுதறது. சுலபம். இவர் மாப்பிள்ளை வெளிய வந்துடுவார். அந்தம்மா மேல பொய் சாட்சி வழக்கு வரும். பொய் சொல்றவங்கன்னு ஆகிட்டா ஆஸ்பத்திரிக்காரன் விடுவானா? கீழ்த்தளத் தீர்ப்பையும் உடைச்சுடுவான். ஆபரேஷன் அவ்வளவுதான்."

"இன்னொண்ணு?"

"சட்டைக் கதையை அப்படியே எழுதறது. அந்தம்மா பொய் சொல்லலை, சட்டையைத்தான் பார்த்தாங்கன்னு. முதல் கேள்வியே, அப்போ ஏன் ஆளுன்னு சொன்னாங்கன்னு வரும். அதுக்குப் பதில் சொல்லி ஒருத்தர் கையெழுத்துப் போடணும்." மேடத்தைப் பார்க்காமல் சொன்னார். "சாட்சியைத் திருத்தறது குற்றம். லைசென்ஸ் போறதோட நிக்காது."

"எனக்கு எந்த வழியா இருந்தாலும் சரி," என்றார் மாமனார். "நான் நல்லவன் வேஷம் போட வரல. என் பொண்ணு வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா."

நான் ஒன்று சொன்னேன். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். "மேடம், நோட்டு நம்மகிட்டதானே இருக்கு. அந்த ஒரு பக்கம் இல்லைன்னா..."

மேடம் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. பார்வையை வக்கீலின் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வேறு ஒன்று கேட்டார்.

"அந்தம்மா வழக்கமா ஒன்பதுக்குத்தான் கடை திறப்பாங்க. அன்னைக்கு ஆறரைக்கே வந்தது யாருக்குத் தெரியும்?"

"மருமகளுக்கு. வேற யாருக்கும் தெரிய வாய்ப்பில்ல," என்றேன்.

"நமக்கு அந்தம்மாவைப் பத்தி யார் சொன்னது?"

தீப்பிடித்த மறுநாள் வந்த ஃபோன் அது. 'எதிர்த் தையல் கடைக்காரம்மா அந்நேரம் கடையிலதான் இருந்திருக்கும், அதைப் போய்க் கேளுங்க.' சொன்னவர் எங்கள் கட்சிக்காரர். கிடங்கு முதலாளி. ஏழு மணிக்கு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாக அவரே கோர்ட்டில் சத்தியம் செய்திருக்கிறார். மறுநாள் காலாவதி மருந்துச் சோதனை வருவதாக இருந்தது, அந்தப் பெட்டிகளை எரிக்கத்தான் காப்பாளர் தீ வைத்தார் என்று தீர்ப்பு சொல்கிறது. பெட்டிகள் காப்பாளருடையவை அல்ல. அது யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும்தான்.

"தூங்கிக்கிட்டே எதிர்க்கடை திறந்திருக்கறதைப் பார்த்திருக்காரு," என்றேன்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்திச் சிரிப்புக்கு இடம் விடுவேன். அன்று விடவில்லை.

"வெளிய வரும்போது அந்தம்மா கடையில இருக்கறதைப் பார்த்துட்டார்," என்றார் மேடம். "என்ன பார்த்தாங்கன்னு தெரியணும். நேரா போய்க் கேட்க முடியாது. நம்மளை அனுப்பினார். சட்டைன்னு நாம எழுதியிருந்தா தோள் வரைக்கும் போயிருக்கும். நாமதான் அவருக்கு ஆளாவே மாத்திக் கொடுத்தோம்." வக்கீலிடம் கையை நீட்டினார். "காகிதம் கொடுங்க. நானே எழுதறேன். தட்டச்சு வேண்டாம்."

*

நாலு நாற்பது. உறுதிமொழி வாங்கும் அதிகாரியின் அறை, நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில், அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்துக் கதவு. அதிகாரி தலை நிமிர்ந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா! நீங்களா? எத்தனை வருஷமாச்சு!" எங்களிடம் திரும்பி, "இவங்ககிட்டதான் தட்டச்சு கத்துக்கிட்டேன். ஒரு எழுத்து தப்பா அடிச்சாலும் தாளைக் கிழிச்சுடுவாங்க."

"உக்காருப்பா. படிச்சுட்டுப் பேசு," என்றார் மேடம்.

அதிகாரி சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. மூன்றாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார், வெளியே யாரோ ஒட்டுக்கேட்பது போல.

"அக்கா," என்று குரலைத் தாழ்த்தினார், "சட்டை விஷயம் வரைக்கும் அருமையா இருக்கு. இந்த ஒரு பத்தி மட்டும் எதுக்கு? நீங்க திருத்தினீங்கன்னு இல்லாமலே இது நிக்கும். எடுத்துடலாம். ஒரு கோடு போட்டு ஓரத்துல கையெழுத்து வெச்சா போதும்."

சிவப்புப் பேனாவை மேடம் பக்கம் தள்ளினார். அன்பாகத்தான் தள்ளினார்.

"அதை எடுத்துட்டா அந்தம்மா பொய்க்காரி ஆகிடுவாங்க."

"அவங்க யாரு, நீங்க யாரு அக்கா?"

"நான் சொல்லச் சொன்னதைச் சொன்னவங்க அவங்க. முத்திரையைப் போடு. மணி ஆகுது."

அதிகாரி என்னைப் பார்த்தார், ஏதாவது சொல்லுங்களேன் என்பது போல. ரேடியோவுக்கு அன்று எதுவும் வரவில்லை.

மேடம் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது: நாலு ஐம்பத்திரண்டு. வக்கீல் காகிதங்களை மேல்முறையீட்டு மனுவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினார். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ரசீதோடு திரும்பி வந்தார். மாமனார் அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். வைத்த பிறகும் பையின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

அதிகாரி உட்காரவே இல்லை. "அக்கா, இதை வாங்கினதுக்கு அப்புறம் உங்களை வெளிய விட எனக்கு அதிகாரமில்ல. ஜட்ஜ் ஐயா மேல்மாடியில இருந்து வர வரைக்கும் உள் அறையில இருக்கணும். அவர்தான் சொல்லணும், என்ன பண்றதுன்னு."

"தெரியும்ப்பா. அந்த விதியை எத்தனை தடவை நான் அடிச்சிருக்கேன்."

கைப்பையை என்னிடம் கொடுத்தார். "முதலாளி ஃபோன் எந்தத் தேதி, எத்தனை மணின்னு ஆபீஸ் பதிவுல இருக்கும். அதை எடுத்துக்கிட்டு நேரா வக்கீல்கிட்ட போ. அந்த ஆளைப் பார்க்கப் போகாதே. கிண்டல் பண்ணணும்னு தோணும், பண்ணாதே."

"நானும் உள்ள வரேன் மேடம். கால் முளைச்சுதான்னு கேட்டது நான்."

"கேட்ட. பேனா பிடிச்சது நான். வெளிய உனக்கு வேலை இருக்கு."

அவர் மாமனார் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். மாமனாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், அவசரமாகக் கையைத் தூக்கித் தடுத்தார்.

"எதுவும் சொல்லாதீங்க. பத்து மாசம் என் பொண்ணு ரோட்டுல தலை நிமிர்ந்து நடக்கல. நன்றின்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"வர வேண்டாம் ஐயா."

மாமனார் தலை குனிந்துகொண்டார். உள் அறையின் கதவைப் பணியாளர் திறந்து பிடித்தார். உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, உயரத்தில் ஒரு ஜன்னல். மேடம் சேலையைச் சரிசெய்துகொண்டு, தட்டச்சு அறைக்கு வேலைக்குப் போகிறவர் போல நடந்து போனார். உட்காருவதற்கு முன் நாற்காலியின் மேல் இருந்த தூசியைத் துடைத்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

பணியாளர் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார்.

கதவு சாத்தப்பட்டது. சாவி துளையில் நுழைந்து, ஒரு சுற்று சுற்றி, பூட்டு விழுந்தது.